பனியின் நிழல் என்ன நிறம்?

குளிர்காலக் காட்சியை வரைவதற்குக் குளிரில் நிற்கத்தான் வேண்டுமா? கணப்பின் அருகே அமர்ந்து நினைவிலிருந்து தீட்டினால் போதாதா என்று கேட்போர் உளர். போதாது என்பதற்குப் பிரான்சு நாட்டு ஓவியர் கிளாட் மோனேயின் படம் ஒன்றே சான்று.

வெண்பனி மூடிய வெளியில் மோனே வரைந்த கோலத்தை 1868ஆம் ஆண்டின் நாளிதழ்க் குறிப்பு ஒன்று கூறுகிறது. மூன்று மேலங்கிகள், கையுறைகள், பாதத்தைச் சூடேற்றும் கணப்புப் பெட்டி, பாதி உறைந்த முகம்! கடுங்குளிரில் எண்ணெய் வண்ணம் இறுகும், நீர்வண்ணமோ தாளிலேயே உறைந்துவிடும், விரல்கள் மரத்துப்போகும். இத்துன்பம் மட்டுமே ஓவியத்தைச் சிறப்பாக்கிவிடாது. நடுங்கிக்கொண்டே மோசமாக வரைந்தவர்களும் இருந்திருப்பர்.

ஆனால், வெளியில் நின்று நோக்கியவருக்கே சில நிறங்கள் புலப்படும். 1868-69 குளிர்காலத்தில், எத்ரத்தா என்னும் ஊரின் அருகே, மோனே 'மேக்பை' என்னும் ஓவியத்தைத் தீட்டினார். பனி படிந்த வேலி. அதன் படலின்மீது காக்கை இனத்தைச் சேர்ந்த கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று. வேலியின் நிழல் பனியில் நீலமாக விழுகிறது. வெயில் நேரே படாத இடத்தில் நீலவானின் ஒளி படுவதால் அந்நிறம் தோன்றுகிறது. அறைக்குள் இருப்பவரோ, நிழல் என்றதும் கறுப்பையோ சாம்பல் நிறத்தையோ எடுப்பார். அது அவர் கேட்டறிந்த நிறம், கண்ட நிறமன்று.

1869இல் பாரிஸ் சலோன் கண்காட்சியின் தேர்வுக்குழு அவ்வோவியத்தை ஏற்க மறுத்தது. குழுவினர் பனியில் எவ்வளவு நேரம் நின்றிருப்பர் என்பது ஐயமே! இன்று அது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.