தோள் யாருக்குச் சொந்தம்?

"சட்டையில எந்தக் கம்பெனி பேரு இருந்தா என்னடா? ஓடுறவன் ஓட வேண்டியதுதானே!" விடுதியில் ஒருநாள் ராத்திரி நண்பன் ஒருவன் இப்படிக் கேட்டான். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பிறகு படித்து, யோசித்து, மனதில் பட்டதை எழுதுகிறேன் நண்பர்களே!

1992, பார்சிலோனா ஒலிம்பிக். அமெரிக்கக் கூடைப்பந்து அணிக்குத் தங்கம். மேடையேறும்போது போட வேண்டிய மேலங்கியில் ரீபோக் முத்திரை. மைக்கேல் ஜோர்டனோ நைக்கியின் விளம்பர நட்சத்திரம். என்ன செய்தார் தெரியுமா? தேசியக் கொடியைத் தோளில் போர்த்தி ரீபோக் பெயரை மறைத்துவிட்டார். உலகமே பார்த்தது. மெடல் கழுத்திலேயேதான் இருந்தது.

அதே நாட்டில் இன்னொருவர், நிக் சிம்மண்ட்ஸ். 800 மீட்டர் ஓட்டக்காரர். கூடைப்பந்து மாதிரி கோடிகள் புரளும் ஆட்டமில்லை அது. 2012-இல் தன் தோளில் விளம்பரம் எழுதும் உரிமையை இணையத்தில் ஏலம் விட்டார். 11,100 டாலருக்குப் போனது. ஆனால் போட்டியில் ஓடும்போது அதை டேப் ஒட்டி மறைக்க வேண்டியதாயிற்று. உடை தயாரித்த கம்பெனியின் முத்திரை சட்டையில் இருக்கலாம். ஓடுகிறவனின் சொந்தத் தோளில் எதுவும் இருக்கக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

2015-இல் அவர் 800 மீட்டரில் அமெரிக்கச் சாம்பியன். அடுத்து பெய்ஜிங்கில் உலகப் போட்டி. அமெரிக்கத் தடகள அமைப்புக்கு நைக்கியோடு ஒப்பந்தம். சிம்மண்ட்ஸுக்குப் பணம் கொடுத்தது புரூக்ஸ். அணியின் 'அதிகாரப்பூர்வ நிகழ்ச்சி'களில் நைக்கி உடைதான் போடுவேன் என்று கையெழுத்துக் கேட்டார்கள். ஓடும்போது நாட்டின் சீருடை போட அவர் மறுக்கவில்லை. "அதிகாரப்பூர்வ நிகழ்ச்சி என்றால் எது எது?" என்றுதான் கேட்டார். தெளிவான பதில் இல்லாததால் கையெழுத்துப் போடவில்லை. அணியில் இடமும் போயிற்று!

நம்ம நிலைமையில் வைத்துப் பாருங்கள். பயிற்சிக்குப் போகும் தொழிற்சாலையில் அவர்கள் தொப்பியைப் போடச் சொன்னால் போடுகிறோம். டீக்கடைக்குப் போனாலும் அதே தொப்பிதான் என்றால் சும்மா இருப்போமா?

கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு. பணம் போடுகிறவன் தன் பெயர் தெரிய வேண்டும் என்றுதான் நினைப்பான். அந்தப் பணம் இல்லாமல் பெரிய போட்டிகளை நடத்துவது கஷ்டம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தம் போடும் மேஜையில் அமைப்பும் கம்பெனியும் மட்டும் உட்கார்ந்திருக்க, வியர்வை சிந்துகிறவன் வாசலில் நிற்பதா?

கேட்டால் மாறும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஒலிம்பிக் நாட்களில் வீரரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தடை போட்டது, ஒலிம்பிக் சாசனத்தின் 40-ஆவது விதி. 2012-இல் லண்டனில் வீரர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2019-இல் ஜெர்மனியின் போட்டிச் சட்ட ஆணையம் தலையிட்டு அந்த நாட்டு வீரர்களுக்குத் தளர்வு வாங்கிக் கொடுத்தது. அதே ஆண்டு ஒலிம்பிக் கமிட்டியும் விதியைத் திருத்தியது.

நண்பனுக்கு இப்போது என் பதில் இதுதான். ஜோர்டனுக்குப் போர்த்திக்கொள்ள ஒரு கொடி கிடைத்தது. பெயர் தெரியாத ஓட்டக்காரனுக்கு டேப்தான் கிடைக்கிறது. அதனால்தான்டா, சட்டையில் யார் பெயர் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது!