ஊசிதான் உயர்ந்ததா?

பிறந்தபோது பெண்ணெனக் குறிக்கப்பட்டு, தம்மை ஆணாக உணர்ந்து ஆணாகவே வாழும் திருநம்பிகள் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையைத் தொடங்கும்போது, ஊசிதான் முழுமையான சிகிச்சை என்றும், தோலில் தடவும் ஜெல் ஊசிக்கு அஞ்சுபவர்களுக்கான அரைகுறை ஏற்பாடு என்றும் சொல்லக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஊசி விரைவாக வேலை செய்யும், அதில் மருந்தின் அளவு மிகுதி என்பதால் பலனும் மிகுதி, தசைக்குள் ஆழமாகச் செலுத்தினால்தான் மருந்து பிடிக்கும், ஜெல்லில் வலுவும் இல்லை தீங்கும் இல்லை என்னும் நான்கு கூற்றுகள் இந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்கின்றன. நான்கையும் தனித்தனியே பரிசீலித்தால் ஊசிக்குச் சில உண்மையான நன்மைகள் மிஞ்சுகின்றன. ஆனால் அவை இக்கூற்றுகள் சொல்லும் நன்மைகள் அல்ல.

விரைவு என்பதிலிருந்து தொடங்கலாம். ஊசிமருந்தில் இருப்பது எஸ்டர் எனப்படும் கொழுப்பமிலச் சங்கிலி இணைக்கப்பட்ட டெஸ்டோஸ்டிரோன். எண்ணெயில் கரைந்திருக்கும் அது உடலுக்குள் மெல்ல மெல்லக் கசிந்து, நொதிகளால் சங்கிலி வெட்டப்பட்ட பின்னரே செயல்படும் ஹார்மோனாகிறது. ஜெல் வழியாகத் தோலைக் கடந்து இரத்தத்தில் சேர்வதும் அதே மூலக்கூறுதான் என்பதால், தொண்டையிலும் தாடையிலும் உள்ள செல்கள் அது எவ்வழியாக வந்தது என்று வேறுபாடு காண்பதில்லை. மாதவிடாய் நிற்க ஒன்று முதல் ஆறு மாதங்களும், குரல் தடிக்கத் தொடங்க ஏறத்தாழ ஆறு மாதம் முதல் ஓராண்டும், தாடி முழுமை பெற நான்கைந்து ஆண்டுகளும் ஆகும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் தரும் காலக்கணக்கு மருந்தின் வடிவத்துக்கேற்ப மாறுவதில்லை; அதைப் பெரிதும் தீர்மானிப்பவை வயதும் மரபணுவுமே. இத்தாலிய ஆய்வாளர்கள் 45 திருநம்பிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, குறுகிய கால ஊசி, நீண்ட கால ஊசி, ஜெல் ஆகியவற்றை ஓராண்டு கொடுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்ட முடிவுகளில், மூன்று குழுக்களின் உடல்மாற்றங்களும் பெரும்பாலும் ஒத்தே இருந்தன. வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது: டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்ட முதல் திருநம்பியாகக் கருதப்படும் பிரிட்டனைச் சேர்ந்த மைக்கேல் டில்லன், பின்னாளில் இந்தியாவுக்கு வந்து பௌத்தத் துறவியாகி 1962இல் டல்ஹவுசியில் இறந்தவர், 1939இல் தொடங்கியது மாத்திரையில்தான்.

இரண்டாவது கூற்று எண்களைத் தவறாகப் படிப்பதால் பிறப்பது. நீண்ட கால ஊசியான டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட்டின் பெட்டியில் 1000 மில்லிகிராம் என்றும், இந்தியாவில் பரவலாகப் பயன்படும் சஸ்டனான் ஊசியின் மேல் 250 என்றும், ஜெல் சாஷேயின் மேல் 50 என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்ப்பவர் ஜெல்லை எளிதாகக் குறைத்து மதிப்பிட்டுவிடுவார். எஸ்டர் சங்கிலியின் எடையைக் கழித்தால் 1000 மில்லிகிராமில் ஹார்மோன் சுமார் 630 மில்லிகிராம்தான். அதைப் பன்னிரண்டு வாரங்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏழரை மில்லிகிராம் வருகிறது. சஸ்டனானின் 250இல் உள்ள ஹார்மோன் 176 மில்லிகிராம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டால் நாளொன்றுக்கு எட்டுக்குச் சற்று மேல். தடவிய ஜெல்லில் பத்தில் ஒரு பங்கே தோலைக் கடப்பதால் 50 மில்லிகிராம் சாஷே உடலுக்குத் தருவது ஐந்து. ஆண் விரைகள் நாள்தோறும் சுரப்பதும் ஏறக்குறைய மூன்று முதல் பத்து மில்லிகிராமே. பெட்டியின் மேல் இருபது மடங்காகத் தெரிந்த வேறுபாடு உடலுக்குள் ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது. தேவைப்பட்டால் ஜெல்லின் அளவைக் கூட்டியும் கொள்ளலாம்.

அளவு கூடினால் பலன் கூடும் என்பதற்கும் அடிப்படை இல்லை. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 320 முதல் 1000 நானோகிராம் வரையிலான ஆண்களின் இயல்பு வரம்பை எட்டுவதே சிகிச்சையின் இலக்கு. அதைத் தாண்டுவதால் தாடி விரைந்து முளைப்பதில்லை, இரத்தம் தடிப்பதற்கான வாய்ப்புதான் பெருகுகிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் முதல் சில நாட்கள் அளவு உச்சிக்கு ஏறி, அடுத்த ஊசி நெருங்கும்போது சரிவதால், சிலருக்கு மனநிலையும் உடன் ஏறி இறங்குகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் விகிதமான ஹீமடோகிரிட் அளவுக்கு மீறினால் இரத்தக் கட்டிகள் உருவாகலாம் என்ற அச்சம் உண்டு. நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருநம்பிகளின் தரவுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த விகிதம் 50 விழுக்காட்டைக் கடந்திருந்தது. அந்த உயர்வோடு தொடர்புடையவையாகப் புகைப்பழக்கம், உடற்பருமன் முதலியவற்றோடு நீண்ட கால ஊசியும் சுட்டப்பட்டது. ஊசியைக் கைவிட வேண்டும் என்பதற்கு இது ஆதாரமாகாது. புகைபிடிப்பவர் எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் முதலில் விட வேண்டியது சிகரெட்டைத்தான்.

தசையின் ஆழம் பற்றிய கூற்றை நீண்ட நேரம் மறுக்க வேண்டியதில்லை. இன்சுலின் போடுவதுபோல வயிற்றுத் தோலுக்கடியிலுள்ள கொழுப்பில், சிறிய ஊசியால், வாரம் ஒருமுறை எனாந்தேட் அல்லது சிபியோனேட் வகைக் குறுகிய கால ஊசிமருந்தைச் செலுத்தும் முறை அமெரிக்காவில் 63 திருநம்பிகளிடம் ஆராயப்பட்டு 2017இல் வெளியானபோது, அனைவருக்கும் ஹார்மோன் அளவு ஆண்களின் வரம்பை எட்டியிருந்தது. தசை ஊசியிலிருந்து மாறியவர்களில் ஒருவரும் பழைய முறையை விரும்பவில்லை. அண்டெகனோயேட் மட்டும் இதற்கு விலக்கு. ஆமணக்கெண்ணெயில் கரைந்த அந்த நான்கு மில்லிலிட்டர் மருந்தைப் புட்டத் தசையில் மிக மெதுவாக ஏற்ற வேண்டும். அரிதாக எண்ணெய்த் துளிகள் நுரையீரலை எட்டி இருமலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கக்கூடும் என்பதால் ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்கச் சொல்கிறார்கள்.

ஜெல் தீங்கற்றது என்பது இவற்றிலேயே ஆபத்தான கூற்று. தடவிய இடம் உலர்ந்து ஆடையால் மூடப்படும் முன் ஒரு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினால், மருந்து அக்குழந்தையின் தோலில் ஒட்டி முன்பருவப் பூப்பின் அறிகுறிகளை உண்டாக்க முடியும். இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின்னரே 2009இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஜெல் பெட்டிகளில் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. கூட்டுக் குடும்பத்தில் ஒரே பாயில் குழந்தைகளோடு உறங்கும் ஒருவருக்கு ஜெல் பொருந்தாமல் போவதற்கு அதன் வலு காரணமல்ல, இதுவே காரணம். மாதவிடாய் நின்றுவிட்டால் கருத்தரிக்க வாய்ப்பில்லை என்ற எண்ணமும் இங்கே சேர்த்து மறுக்கத்தக்கது. ஊசியோ ஜெல்லோ, எந்த வடிவ டெஸ்டோஸ்டிரோனும் கருத்தடை மருந்தல்ல.

ஊசியின் மெய்யான நன்மைகள் வேறு இடத்தில் உள்ளன. சஸ்டனான் போன்ற பழைய வகை ஊசிகள் மலிவு. நாள்தோறும் மறவாமல் தடவ வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டாரிடம் இன்னும் சொல்லாதவருக்கு மறைத்து வைக்க வேண்டிய ஜெல் சாஷேயும் இல்லை. ஜெல்லைத் தோல் உறிஞ்சும் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதும், தடவிய சில மணி நேரம் குளிக்கக் கூடாது என்பதும், தோள் வியர்வையில் நனையும் வேலை செய்பவருக்குப் பெரிய தடைகள். மறுபுறம் சஸ்டனானில் உள்ளது கடலை எண்ணெய் என்பதால் கடலை ஒவ்வாதவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். மாத்திரையைப் பொறுத்தவரை, மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கல்லீரலைக் கெடுக்கும். அண்டெகனோயேட் குளிகையோ கொழுப்புள்ள உணவோடு உண்டால்தான் உறிஞ்சப்படும், வெறும் வயிற்றில் விழுங்கினால் பெரும்பகுதி வீணாகும்.

எந்த வடிவம் ஒருவருக்குப் போதவில்லை என்பதைச் சொல்லும் தகுதி இரத்தப் பரிசோதனைக்கே உண்டு. அதுவும் உரிய நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். குறுகிய கால ஊசிக்கு இரு ஊசிகளின் நடுநாளிலும், அண்டெகனோயேட்டுக்கு அடுத்த ஊசிக்குச் சற்று முன்பும், ஜெல்லுக்குக் குறைந்தது ஒரு வாரம் தொடர்ந்து தடவிய பின், அன்றைய தடவலிலிருந்து இரண்டு மணி நேரமாவது கழித்தும் இரத்தம் எடுக்க வேண்டும்; ஜெல் தடவிய தோளிலோ கையிலோ ஊசி குத்தி எடுத்தால் அங்கு ஒட்டியிருக்கும் மருந்தே அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டிவிடும்.