உதட்டுப் புண்ணும் பின்வரிசைச் சிரிப்பும்

‘ஹேர்ப்பிஸ்’ என்று உயிரியல் வகுப்பில் யாராவது உரத்துச் சொன்னால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காய்ச்சலோடு உதட்டோரத்தில் வரும் கொப்புளத்தை “சூடு” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது பெரும்பாலும் ஹேர்ப்பிஸ் சிம்பிளெக்ஸ் வைரசின் முதலாம் வகை. உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. பலருக்கு அது சின்ன வயதில், உம்மம்மாவோ சாச்சியோ கொடுத்த ஒரு முத்தத்தில் வந்திருக்கும். இரண்டாம் வகை பெரும்பாலும் பாலுறவால் பரவுவது. வெட்கமெல்லாம் அதற்குரியது, ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் உதட்டுப் புண்காரிக்கும் அதில் பங்கு கிடைக்கிறது. கொப்புளிப்பானும் இதே குடும்பத்து வைரசால் வருவதுதான். அதற்கு மட்டும் வேப்பிலை, இளநீர், அனுதாபம்!

நாம் வகுத்த இந்த மானமுள்ள வகை, மானமற்ற வகை என்ற கோடு வைரசுகளுக்குத் தெரியாது. ஒடுக்கற்பிரிவின்போது நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறோம். வைரசுகளிலும் அதுபோன்ற ஒன்று நடக்கிறது. ஒருவரின் ஒரே கலத்துக்குள் இரு வகைகளும் நுழைந்தால், கருவினுள் டீ.என்.ஏ. படியெடுக்கப்படுகையில் ஒன்றின் துண்டு மற்றதோடு இணைந்துவிடலாம். இதுவே மீள்சேர்க்கை. 2017இல் வெளியான ஆய்வுகள் இரண்டாம் வகை வைரசுகளின் பரம்பரைப் பொருளை முழுமையாக வாசித்துப் பார்த்தன. உலகெங்கும் பரவியிருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் முதலாம் வகையின் துண்டுகள் இருந்தன. பண்டைக் காலத்திலேயே கலந்தவை. கலப்பில்லாத கிளை ஆபிரிக்காவில் காணப்பட்டது. இன்னுமொரு விசயம்: இப்படிக் கைமாறிய இடங்களில் ஒன்று, வைரசின் டீ.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியத்துக்கான பரம்பரையலகு. காலி வீதி மருந்துக் கடைகளில் வாங்கும் அசைக்ளோவிர் தாக்குவது அந்த நொதியத்தைத்தான்.

இரண்டு வகைகளும் இவ்வளவு நெருங்கிய உறவு. முதலாம் வகை கீழேயும் இரண்டாம் வகை வாயிலும் புண் உண்டாக்குவதும் உண்டு. அப்படியிருக்க, ஒரு பிள்ளையின் உதட்டைப் பார்த்து அவளுடைய நடத்தையை அளப்பவர்களுக்கு விஞ்ஞானம் எந்தச் சாட்சியும் தராது.

சிரிப்பு மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். பெயரைச் சொல்ல வெட்கப்படுவதால் நாம் எல்லாவற்றையும் “சூடு” ஆக்கிவிடுகிறோம். சூடு தொற்றாது என்றும் நம்பிவிடுகிறோம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு நாற்பதுக்கு முன்னும் பின்னும் உறவெல்லாம் வரும். மடியில் வாங்குபவர்கள் முத்தம் கொடுக்காமல் திருப்பித் தருவதில்லை. பெரியவர்களின் உதட்டில் ஒரு வாரத்தில் காய்ந்து போகும் அந்தப் புண், பிறந்து சில நாட்களேயான குழந்தையின் மூளைக்கும் ஈரலுக்கும் பரவி உயிரையே எடுக்கக்கூடும். “உதட்டில் புண் இருக்கிறது, இன்றைக்குப் பிள்ளையைத் தூக்கமாட்டேன்” என்று ஒரு மாமி கூச்சமில்லாமல் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பெயரை நம் வகுப்பறையிலாவது சிரிக்காமல் சொல்லப் பழக வேண்டும்.