கை தூக்காத பிள்ளைகள்

பள்ளி ஆண்டு விழாக்களின் காலம் இது. புதுவை வீதிகளில் மாலையில் நடந்தால் ஏதாவது ஒரு பெண்கள் பள்ளியின் ஒலிபெருக்கியில் ஒரு சிறுமி பேசுவது காதில் விழும். அவையினரை வணங்கித் தொடங்குவாள். பாரதி கண்ட பெண்ணைப் பற்றி ஐந்து நிமிடம் தடங்கலில்லாமல் பேசி, கைதட்டலோடு இறங்குவாள். உரையை எழுதியவர் தமிழாசிரியை. எந்தச் சொல்லில் குரலை உயர்த்துவது, எங்கே கையை நீட்டுவது என்பதெல்லாம் ஒத்திகையிலேயே முடிவானவை. அந்தப் பிள்ளையின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அத்தனை பேர் முன்னால் கால் நடுங்காமல் நிற்பது சின்ன விஷயமில்லை. நாம் கேட்பது வேறு. மறுநாள் கணக்கு வகுப்பில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எப்படிப் பிறந்தது என்று புரியாதபோது, "மிஸ், இது எப்படி வந்துச்சு?" என்று அதே பிள்ளை எழுந்து கேட்பாளா? மேடையே ஏறாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகள் கேட்பார்களா?

மாணவிகளின் தன்னம்பிக்கையை வளர்க்க வேண்டும் என்று எல்லாப் பள்ளி நிர்வாகங்களும் அக்கறையோடுதான் சொல்கின்றன. அந்த அக்கறை மேடையில் தொடங்கி மேடையிலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் நம் மனக்குறை. ஆண்டுக்கு ஒரு விழா, வகுப்புக்கு இரண்டு பிள்ளைகள், அந்த இருவரும் முன்பே நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்ததற்காக விழா முடிவில் அவர்களுக்கும் ஒரு பாராட்டு கிடைக்கிறது.

பெண்கல்வியில் இந்த ஊருக்கு நீண்ட வரலாறு உண்டு. பள்ளி நடத்திய பிரெஞ்சுத் துறவியரான க்ளுனி கன்னியர்கள் இங்கே வந்தது 1827இல். 1844இல் லூயி சவினியன் துய்புயி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்கென்றே உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ஒரு துறவற சபையை இங்கே தொடங்கினார். இம்மாகுலேட் என்று ஊரார் சுருக்கிச் சொல்லும் பள்ளி அந்த மரபில் வந்தது. குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு, அது கோயிலில் ஆடும் பெண்களுக்கு உரியது என்று தமிழ்நாடே நம்பியிருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல். ஜெபம், வாசிப்பு, தையல், ஒழுங்கு என்று அந்தக் காலக் கன்னியர் பள்ளிகள் கற்றுத்தந்தவை பல தலைமுறைப் பெண்களைக் கரையேற்றின. ரோமன் ரோலான் வீதியில் இன்றும் இயங்கும் க்ளுனி பூத்தையல் கூடத்தில் ஊசி பிடித்துச் சம்பாதித்து வீட்டில் நிமிர்ந்து நின்ற பெண்கள் இருக்கிறார்கள்.

இத்தனை காலத்தில் பாடத்திட்டம் பல முறை மாறிவிட்டது. நல்ல மாணவிக்கு நாம் வைத்திருக்கும் இலக்கணம் மட்டும் மாறவில்லை. "ரொம்ப அமைதியான பொண்ணு" என்பது இன்றும் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை தரக்கூடிய பெரிய பாராட்டு. தாயும் மகிழ்ந்து தலையாட்டுகிறார். கேள்வி கேட்கிற பிள்ளைக்கு வாயாடி என்று பெயர். கன்னியர் பள்ளி, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இதில் இல்லை.

இதே ஊரில் வேறு விதமாகவும் ஒரு காரியம் நடந்தது. 1908 முதல் 1918 வரை பாரதி இங்கே வாழ்ந்தார். புதுமைப் பெண்ணைப் பற்றி அவர் எழுதிய பாட்டைத்தான் மேடைதோறும் ஒப்பிக்கிறோம். அவர் வீட்டுக்கு வந்துபோன சிறுமிகளிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பேசுவதில்லை. அவருடைய நண்பர் மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அப்போது சின்னப் பெண். பாரதி, தான் புதிதாக எழுதிய பாட்டை அவளுக்குப் பாடிக் காட்டுவார். அவள் கேட்டதற்குப் பதில் சொல்வார். பெரியவர்கள் பேசும் இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கலாம். பிற்காலத்தில் யதுகிரி அம்மாள் எழுதிய ‘பாரதி நினைவுகள்’ இல்லாமல் இன்று பாரதியின் புதுவை வாழ்க்கையை யாரும் எழுத முடியாது. பாரதியின் இளைய மகள் சகுந்தலா ‘என் தந்தை’ எழுதினார். மூத்தவர் தங்கம்மாளும் தந்தையைப் பற்றி எழுதினார். ஒரு மனிதரைச் சுற்றி வளர்ந்த மூன்று பெண்பிள்ளைகளும் வளர்ந்த பின் தாங்கள் கண்டதைத் தங்கள் சொற்களில் எழுத முடிந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கும்? அவர்களை யாரும் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்யவில்லை. அவர்கள் பேசியதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார். கவிஞர் என்பதால்தான் அவரால் முடிந்தது என்று நாம் நினைக்கவில்லை. ஒரு கணக்கு டீச்சராலும் அது முடியும்.

பேசிக்கொண்டிருந்த பிள்ளை எப்போது மௌனமாகிறாள் என்பதை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். லின் மைக்கேல் பிரவுன், கரோல் கில்லிகன் என்ற இரு பெண் உளவியலாளர்கள் கிளீவ்லாந்து நகரின் லாரல் என்ற பெண்கள் பள்ளியில் சுமார் நூறு மாணவிகளோடு பல ஆண்டுகள் உரையாடி 1992இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். எட்டு, ஒன்பது வயதில் தோழியோடு சண்டை என்றால் சண்டை என்றும், வருத்தம் என்றால் வருத்தம் என்றும் நேராகச் சொன்ன பிள்ளைகள், பன்னிரண்டு, பதின்மூன்றை நெருங்கும்போது எதற்கெடுத்தாலும் "தெரியல" என்று சொல்லத் தொடங்கியதை அவர்கள் பதிவு செய்தார்கள். தெரிந்திருந்தும் சொல்வதில்லை. சொன்னால் மற்றவர்களுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விடும் என்ற கணக்கு அவர்களுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. நம் ஊர் ஆசிரியைகள் யாரும் இதைப் படித்து வியக்க மாட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் மேசைக்கு ஓடிவந்து கதை சொன்ன பிள்ளை எட்டாம் வகுப்பில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருப்பதை அவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அந்த இடைவெளியில் நம் வீடுகளில் நடக்கும் மாற்றங்களும் அவர்களுக்குத் தெரியும். அவள் வயதுக்கு வருகிறாள். தெருவில் விளையாடுவது நிற்கிறது. சிரிப்புச் சத்தத்துக்கும் ஓர் அளவு வைக்கப்படுகிறது.

பெண்கள் பள்ளி என்ற ஏற்பாட்டுக்கு இங்கேதான் பெரிய பொருள் இருக்கிறது. கேலி செய்யப் பையன்கள் இல்லை. தலைவியும் மாணவி, சோதனைக்கூடத்தில் குடுவையைத் தூக்குகிறவளும் மாணவி, நாடகத்தில் ராஜாவும் மாணவி. வெளியே எங்கும் கிடைக்காத இந்த இடத்தை, வெளியே உள்ள அதே அடக்கத்தைப் பழக்கவே செலவழித்துவிட்டால் தனியாகப் பெண்கள் பள்ளி எதற்கு?

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதுவை அரசுப் பள்ளிகள் 2023–24 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பு முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. அதன் நன்மை தீமைகளை இங்கே விவாதிக்கவில்லை. அதோடு வரும் ஆங்கிலம் பெண்பிள்ளையின் வாய்க்கு என்ன செய்தது என்பதுதான் நம் கேள்வி. வைத்திக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் மீன்காரக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பெரிய மார்க்கெட்டில் அவர்களின் அம்மாக்களும் ஆயாக்களும் ஊரின் எந்த அதிகாரியோடும் விலை பேசி, கணக்குப் பார்த்து, தவறு என்றால் முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள். இந்த ஊரில் அவர்களைவிடத் தெளிவாகவும் பயமில்லாமலும் பேசும் பெண்கள் யாரும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. அவர்களின் மகள் வகுப்புக்கு வந்ததும் ஊமையாகிவிடுகிறாள். வீட்டில் பேசும் தமிழைப் பேசினால் கொச்சை என்கிறோம். ஆங்கிலத்தில் பேசினால் தவறு வருகிறது, பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு அவளுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று அறிக்கை எழுதுகிறோம். ஆங்கிலம் அவளுக்கு வேண்டும், அவசியம் வேண்டும். யோசிப்பதையும் கேட்பதையும் மட்டும் முதலில் அவள் வாயில் வரும் தமிழில் செய்ய விட வேண்டும். அறிவியல் வகுப்பில் தன் பேச்சில் ஒரு நல்ல கேள்வி கேட்டவளுக்கு, அதே கேள்வியை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுப்பது கடினமில்லை. கேள்வியே எழாத பிள்ளைக்கு எந்த மொழியில் சொல்லித்தந்தும் பயனில்லை.

இது வெறும் படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் ஒரு சிறுமியின் கொலை இந்த ஊரை உலுக்கியது. மக்கள் வீதிக்கு வந்தார்கள். அதன் பிறகு பல வீடுகளில் நடந்தது என்ன? பெண்பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு கூடியது, அவர்களின் உலகம் இன்னும் சுருங்கியது. அந்த அச்சம் நமக்கும் புரிகிறது, நாமும் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான். ஆனால் பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசக் கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளை, தப்பான கை தன்மேல் படும்போது எந்தச் சொல்லை எடுத்து "வேணாம்" என்பாள்? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. அந்த எண்ணை அழைக்கவும், டீச்சரிடம் போய் நடந்ததைச் சொல்லவும் அவளுக்குப் பேசிப் பழக்கம் வேண்டும். தன் பேச்சு நம்பப்படும் என்ற அனுபவமும் முன்பே இருந்திருக்க வேண்டும். சின்ன விஷயங்களில் அந்த அனுபவத்தைத் தராமல் பெரிய விஷயத்தில் அவள் வாய் திறப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

லக்னோவில் ஊர்வசி சாஹ்னி 2003இல் தொடங்கிய பிரேர்ணா என்ற பெண்கள் பள்ளி, பிள்ளைகளைப் பேசவிடும் இந்தப் பாதையில் வெகுதூரம் போயிருக்கிறது. காலையில் வீட்டு வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்காக மதியத்தில் நடக்கும் பள்ளி அது. அங்கே கணக்கு, அறிவியல் போலவே உரையாடலும் பாடவேளைக்குள் இருக்கிறது. குழந்தைத் திருமணம், வீட்டில் அடி, தம்பிக்குக் கிடைப்பது தனக்குக் கிடைக்காதது என்று தங்கள் வாழ்க்கையையே வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். அதை நாடகமாக அவர்களே எழுதி நடிக்கிறார்கள். ஆசிரியை வசனம் எழுதித் தருவதில்லை. இதற்கென்று நேரம் ஒதுக்கினார்கள், அவ்வளவுதான்.

நம் ஆசிரியைகள் சொல்லும் பதிலும் நமக்குத் தெரியும். நிறைய பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், மேலிடத்திலிருந்து தினமும் கேட்கும் படிவங்கள். எல்லாம் உண்மை. இத்தனைக்கும் நடுவே அவர்கள் கைக்குள் இருக்கும் ஒரு காரியத்தையாவது சொல்ல முடியுமா என்று பார்த்தோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவே இருந்தது. அதை மூன்று விநாடியாக்கியதும் விடைகள் நீண்டன, எப்போதும் பேசாதவர்கள் பேசினார்கள், பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள். இதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். முதலில் கை தூக்கும் பிள்ளையை உடனே அழைக்காமல் ஒரு மூச்சு பொறுத்தால் போதும்.

இன்னொன்றை ஆசிரியைகளின் பக்கம் நின்று சொல்கிறோம். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் மாற்றுக் கருத்துச் சொல்ல முடியாத டீச்சர், வகுப்பில் மாணவியின் மாற்றுக் கருத்துக்கு எப்படி இடம் தருவார்? பல பெண்கள் பள்ளிகளில் ஆசிரியைகளும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். நிர்வாகங்கள் மாணவிகளுக்குப் பேச்சுப் பயிற்சி ஏற்பாடு செய்யும் முன் தங்கள் ஆசிரியைகள் பேசுவதைக் கேட்கத் தொடங்கட்டும்.

வளர்ந்த பின் என்ன ஆகிறது என்பதற்கு நம் சட்டமன்றமே சாட்சி. வாக்காளர்களில் பெண்கள் அதிகமுள்ள ஊர் இது. 2021 தேர்தலில் 30 தொகுதிகளில் வென்ற பெண் ஒரே ஒருவர், சந்திர பிரியங்கா. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இங்கே அமைச்சரான பெண்ணும் அவர்தான். 2023 அக்டோபரில் பதவி விலகியபோது சாதி, பாலினப் பாகுபாட்டைக் காரணமாக எழுதினார். அவரோடு அந்த மன்றத்தில் இன்னும் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த இதழிலிருந்து நம் பக்கங்களில் நான்கைப் புதுவைப் பெண்கள் பள்ளி மாணவிகளுக்கு விடுகிறோம். தலைப்பு தர மாட்டோம். எழுத்துப்பிழை தவிர வேறெதையும் திருத்த மாட்டோம். வீட்டுத் தமிழில் எழுதினால் அப்படியே அச்சேறும். தமிழாசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளிடம் தகவலைச் சொல்லுங்கள், தாளைக் கொடுங்கள், எழுதித் தராதீர்கள். பரிசு கிடையாது, தேர்வும் கிடையாது. வருவது நான்கு பக்கங்களுக்கு மேல் போனால் பக்கங்களைக் கூட்டிக்கொள்கிறோம். பெயர் போட விரும்பாத பிள்ளை போட வேண்டாம், எந்த வகுப்பு என்று மட்டும் எழுதினால் போதும்.