ஆமை புகுந்த வீடு

சென்ற மாரிகாலத்தில் வவுனியாவிலுள்ள உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். வாயிலில் எம்மை முதலில் எதிர்கொண்டவன் பத்து வயதுச் சிறுவன் ஒருவன். அவன் இரு கைகளாலும் ஓர் ஆமையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். மன்னார் வீதியால் வந்துகொண்டிருந்த தகப்பனார், மழை விட்ட வேளையில் அது தெருவின் நடுவே ஊர்ந்து செல்வதைக் கண்டாராம். வாகனம் ஏறிவிடுமே என்ற இரக்கத்தால் எடுத்து வந்துவிட்டார். மூன்று நாளாயிற்று. சோறு வைத்தார்கள், பாண் வைத்தார்கள், பாலும் வைத்தார்கள். ஆமை தலையை வெளியே நீட்டவில்லை.

"மாமா, இது ஏன் ஒண்டும் தின்னுதில்லை?" என்பதே சிறுவன் எம்மிடம் கேட்ட முதற் கேள்வி.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவனுடைய அப்பம்மா இடைமறித்தார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. நான் சொன்னால் ஆர் கேக்கினம்?" என்றார்.

ஆமையைத் திருப்பிப் பார்த்தோம். கருநிற ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சட் கோடுகள் கதிர்போல் விரிந்திருந்தன. ஐயமில்லை, அது நட்சத்திர ஆமை. இலங்கையின் வரண்ட பிரதேசத்திலும், இந்தியாவின் சில பகுதிகளிலும், பாகிஸ்தானிலும் வாழும் தரை ஆமை இனம் இது. புல்லும், இலையும், பூவும், உதிர்ந்த பழமுமே இதன் முதன்மையான உணவு. சோற்றையும் பாணையும் இது உணவென அறியாது. பாலோ எந்த ஆமைக்கும் ஒவ்வாதது. அன்றியும், அஞ்சிய ஆமை தனக்குரிய உணவு முன்னே கிடந்தாலும் வாய் திறவாது.

"அப்படியென்றால் புல்லுப் போட்டு வளர்க்கலாம்தானே?" என்றான் சிறுவன். இக்கேள்வியை எம்மிடம் கேட்பவர் பலர். ஆதலின் அவனுக்குச் சொன்ன விடையை வாசகர்களுக்கும் இங்கே விரித்துரைப்போம்.

முதலாவது, சட்டம் இதனை அனுமதியாது. 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் இவ்வாமைக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. எமது குளங்களில் வாழும் பாலாமைக்கும் கறுப்பு ஆமைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஓட்டின் அழகே நட்சத்திர ஆமைக்குப் பகையாயிற்று. வளர்ப்புப் பிராணியாக விற்கும்பொருட்டு இதனைப் பிடித்துக் கடல் கடந்து கடத்துவோர் பெருகினர். அதனாலேயே 2019 ஆம் ஆண்டில் சர்வதேச உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில் இது சேர்க்கப்பட்டது. காட்டிற் பிடித்த நட்சத்திர ஆமையை நாடுவிட்டு நாடு கொண்டுசென்று வணிகம் செய்வதற்கு இனி இடமில்லை. இவ்வினம் வளர்ந்து முட்டையிடப் பல ஆண்டுகள் செல்லும். இடும் முட்டைகளும் சிலவே. ஆகவே ஒரு காட்டிலிருந்து ஓர் ஆமையை எடுப்பது சிறு நட்டமன்று.

இரண்டாவது, ஆமை நம்முடைய ஆயுளோடு போட்டியிடும் பிராணி. இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் வைற்றின் கதையைப் பாருங்கள். அவருடைய அத்தையார் பல ஆண்டுகளாக வளர்த்து வந்த ஆமையொன்று 1780 ஆம் ஆண்டில் அவர் கைக்கு வந்தது. அதற்குத் திமோதி என்று பெயர். அது என்ன தின்கிறது, எப்போது மண்ணுள் புதைந்து உறங்குகிறது என்று அவர் உன்னிப்பாகக் குறித்து வந்தார். 1793 இல் வைற் காலமானார். ஆமை அடுத்த ஆண்டுவரை வாழ்ந்தது. ஆணென்று எண்ணி எல்லோரும் அழைத்த அவ்வாமை பெண் என்பது அது இறந்த பின்னரே தெரியவந்தது. அவ்வளவு நுணுகி நோக்கியவருக்கும் தன் ஆமையைப்பற்றிய அடிப்படைச் செய்தியொன்று தெரியாமற் போயிற்று!

நிற்க. மீன்தொட்டிக் கடைகளில் காதோரம் சிவப்புக் கோடுடைய சின்னஞ்சிறு பச்சை ஆமைகளைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவை ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. வாங்கும்போது தீப்பெட்டியுள் அடங்கும் குஞ்சு, சில ஆண்டுகளில் சோற்றுக் கோப்பையளவு பெருத்துவிடும். நன்கு பேணினால் முப்பது ஆண்டும் வாழும். தொட்டி போதாமற் போனதும் அதைக் குளத்திலோ கோயிற் கேணியிலோ விட்டுவிடுவோர் உளர். இது பெருந் தவறு. அது நம் நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். இக்காரணம்பற்றியே 1997 இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியைத் தடுத்தது.

ஏற்கெனவே இதனை வளர்ப்போர் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். நீந்துதற்கேற்ற ஆழமான நீரும், ஏறி உலர்ந்து வெயில் காய ஒரு கல்லும் வேண்டும். கண்ணாடியூடாக வரும் வெயில் பயன்படாது. ஓடு உறுதிபெறத் தேவையான கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். நேர் வெயில் கிடையாத ஆமையின் ஓடு மென்மையாகும், கோணலாகும். வெயிலில் வைக்கும்போது ஒதுங்க நிழலும் இருத்தல் அவசியம். உலர்ந்த இறாலை மாத்திரம் போடாது, சிறு மீனும் கீரையும் மாற்றிக் கொடுங்கள். நீரை அடிக்கடி மாற்றுங்கள். ஆமையைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் கட்டாயம். நோயின்றித் தோன்றும் ஆமையும் சல்மனெல்லா என்னும் கிருமியைச் சுமக்கக்கூடும். குழந்தைகள் பலர் இதனால் நோயுற்றமையாலேயே, நான்கு அங்குலத்திற் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதை 1975 இல் அமெரிக்க அரசு தடைசெய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் ஆமையைக் கொடாதிருப்பதே நன்று.

புதிதாக ஏதேனும் விசித்திரப் பிராணி வளர்க்க விரும்புவோர், காசு கொடுக்குமுன் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வாராக. இதனை வைத்திருக்கச் சட்டம் இடங்கொடுக்கிறதா? இது முழு வளர்ச்சியடையும்போது எங்கே வைப்பேன்? எனக்குப் பின் இதனை யார் பார்ப்பார்? மூன்றில் ஒன்றுக்கேனும் விடையில்லையாயின், கடையிற் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வதே பிராணிக்குச் செய்யும் அன்பு.

சிறுவனிடத்தில் இவையனைத்தையும் சொன்னபோது அவன் கண்கள் கலங்கின. "எனக்கு இதில ஆசை எண்டு இதுக்குத் தெரியும்" என்றான். நாம் மறுமொழி கூறவில்லை. கூறத் தக்கதொன்றும் தோன்றவில்லை. மறுநாட் காலையில் தகப்பனாரும் அவனுமாக வனசீவராசிகள் அலுவலகத்திற்கு ஆமையைக் கொண்டுசென்றனர். எடுத்த இடத்தைச் சரியாகக் காட்டமுடியுமா என்று உத்தியோகத்தர் வினவினார். தகப்பனாருக்கு அந்த மைற்கல் நினைவிருந்தது. எல்லோருமாக அங்கே சென்றனர்.

"எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது?" என்று உத்தியோகத்தர் கேட்டாராம். தெருவைக் கடக்கும் ஆமையை அது நோக்கிச் சென்ற திசையிலேயே ஓரத்தில் விடவேண்டும். மறுபுறம் விட்டால் அது திரும்பவும் தெருவில் இறங்கும். அன்று வீட்டிற்கு எடுத்து வராமல் அந்த உதவியை மாத்திரம் செய்திருந்தாற் போதுமாயிருந்தது.

சிறுவன் தன் கையாலேயே புல்லில் வைத்தான். சிறிது நேரம் அசையாதிருந்த ஆமை, பின்னர் தலையை நீட்டி, அருகே நின்ற இலையொன்றைக் கடித்ததாம். மூன்று நாட்களாக ஒன்றும் உண்ணாத பிராணி!

மாலையில் இதைக் கேட்ட அப்பம்மா, "பார்த்தியே, நான் சொன்னது சரிதானே" என்றார். பழமொழி சரியே. ஆனால், ஆமை புகுந்த வீட்டினும், வீடு புகுந்த ஆமையே உருப்படாமற் போகிறது என்பதை அந்தச் சிறுவன் இப்போது அறிவான்.