காருக்குப் பை தைக்கலாம், எர்த்தை ஏமாத்தலாமா?



சில மாதங்களுக்கு முன்னாடி லோன் போட்டு ஒரு மின்சார கார் வாங்கினேன். ஷோரூம்ல ஆக்சசரீஸ் விலைப்பட்டியலைப் பார்த்ததும் தலை சுத்திடுச்சு. சரி, நாமளே செய்வோம்னு இறங்கினோம்.

பழைய ஜீன்ஸ் பேண்ட்டை வெட்டி அம்மா சார்ஜர் கேபிளுக்கு ஒரு பை தைச்சாங்க. நான் அட்டையில அலுமினிய ஃபாயில் ஒட்டி முன் கண்ணாடிக்கு மறைப்பு செஞ்சேன். வெயில்ல நிக்கிற கார் சூடாகிறது குறைஞ்சா ஏசிக்குப் போகிற பேட்டரியும் மிச்சம். ஒரு பிவிசி பைப் துண்டு, ரெண்டு ஸ்க்ரூ: சார்ஜிங் கன்னை மாட்டி வைக்க சுவத்துல ஸ்டாண்ட் ரெடி.

இதையெல்லாம் கஞ்சத்தனம்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க. தாராளமா செய்ங்க.

ஆனா மூணு இடத்துல மட்டும் நம்ம கைவண்ணம் வேண்டாம்.

1. ஏர்பேக் இருக்கிற இடம். பல கார்கள்ல சீட்டோட பக்கவாட்டுல ஏர்பேக் இருக்கும். அதை மூடி இறுக்கமா கவர் தைச்சுப் போட்டா, விபத்துல அது சரியா விரியாது. டேஷ்போர்டுல ஏர்பேக் மூடி மேல சாமி சிலை, பொம்மை ஒட்டாதீங்க. விரியும்போது அது முகத்துக்குத்தான் பாயும்.

2. பெடல் பக்கம். ஓட்டுநர் மிதியடி நகராத மாதிரி கொக்கியில மாட்டணும். ஒண்ணு மேல ஒண்ணு போடக்கூடாது. மிதியடி ஆக்சிலேட்டர்ல சிக்கும் ஆபத்துக்காக 2009இல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சது.

3. மின்சாரம். இந்தப் பதிவே இதுக்காகத்தான்.

நான் இருக்கிறது வாடகை வீடு. முதல் நாள் சார்ஜரை மாட்டினதும் சிவப்பு லைட். எர்த் சரியில்லை. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் சிரிச்சார். "இது ஒரு பிரச்சினையே இல்ல டாக்டர். பிளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன ஒயரால இணைச்சுட்டா சார்ஜ் ஏறிடும்."

ஏறும்தான். எர்த் இருக்குன்னு சார்ஜர் ஏமாந்துடும். ஆனா அந்த எர்த் கம்பி நேரா காரோட உடம்புக்குப் போகுது. மழைக்காலத்துல எங்கேயாவது நியூட்ரல் அறுந்தாலோ, பிளக் பாயின்ட்ல ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலோ, முழுக் காருமே ஷாக் அடிக்கும். வெறுங்காலோட ஈரத்தரையில நின்னு கதவைத் தொடப்போறது நம்ம பிள்ளையா இருக்கலாம்.

மின்சாரக் காயம் வெளியே ஒரு சின்னக் கரும்புள்ளியாத் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கும். அதுல இருந்து வெளிவர்ற கழிவு கிட்னியைப் பாதிக்கும். எல்லாத்துக்கும் முன்னாடி, இதயத்துடிப்பு தாறுமாறாகி அப்படியே நின்னுடலாம். நனைஞ்ச தோல்ல கரண்ட் இன்னும் எளிதாப் பாயும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். வீட்டு சார்ஜர் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும், அதுவும் ராத்திரி முழுக்க. 5 ஆம்பியருக்கான ஒயர்ல 15 ஆம்பியர் போனா வெப்பம் 3 மடங்கு இல்ல, 9 மடங்கு.

நான் என்ன செஞ்சேன்? ஓனர்கிட்ட பேசினேன். புதுசா எர்த் குழி தோண்டி, மீட்டர்ல இருந்து காருக்குன்னு தனி லைன் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டோம். சில ஆயிரம் செலவு. ரெண்டு வாரம் வெளியே சார்ஜ் போட்டு ஓட்டினேன். அவ்வளவுதான்.

லட்சக்கணக்குல காருக்குக் கொடுத்துட்டு, கடைசியில ஒரு ஜாண் ஒயர்ல மிச்சம் பிடிக்கிறது சிக்கனம் இல்லீங்க.

யாருக்காவது ஷாக் அடிச்சா முதல்ல மெயினை அணைங்க. அதுக்கு முன்னாடி அவரைத் தொடாதீங்க. மூச்சு இல்லைன்னா 108ஐ அழைச்சுட்டு, நடு நெஞ்சுல நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்க. எழுந்து உட்கார்ந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து ஈசிஜி பாருங்க.

இன்னைக்கே உங்க சார்ஜிங் பாயின்ட்ல எர்த் இருக்கான்னு தெரிஞ்ச எலக்ட்ரீஷியனை வெச்சு சோதிச்சுடுங்க. கேபிள் பை ஞாயித்துக்கிழமை தைச்சுக்கலாம்.