பழைய எண்ணெய் எங்கே போனது?

கடந்த விடுமுறையில் அப்பாவின் ஹைலக்ஸில் பின்புற டிஃபரென்ஷியல் எண்ணெயை நானே மாற்றினேன். முதலில் மேலே எண்ணெய் ஊற்றும் துளையின் நட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது துருவேறி அசையாமல் போனால், கீழே வடித்த பிறகு புது எண்ணெய் ஊற்ற வழியிருக்காது. அப்பா சொல்லித் தந்தது.

சிக்கல் பிறகுதான் வந்தது. வாளியில் இரண்டு லிட்டருக்கு மேல் கறுப்பு எண்ணெய். "கால்வாயில் ஊத்திடு தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். எங்கள் ஆயர் ஈத்தாம் ஆறு சுங்கை பினாங்கில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் பழைய மசகெண்ணெய் அட்டவணைக் கழிவு. பாட்டிலில் அடைத்துப் பட்டறையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். எண்ணெய் மாற்றியதைப் படம் பிடித்துப் போடும் நண்பர்களே, அந்த வாளி எங்கே போனது என்றும் ஒரு வரி போடுங்களேன்.